கடை பாக்கெட்டா, கம்பெனி பாக்கெட்டா? மலை மேல் மளிகைக்கு வேறு கணக்கு

கோயம்புத்தூரில் நாலு விசிலில் குழைந்துபோகிற துவரம் பருப்பு, ஊட்டியில் அதே குக்கரில் அதே நாலு விசிலுக்கு அப்புறமும் பருப்பு பருப்பாகவே கிடக்கும். உடனே பழி கடை பாக்கெட்டின் தலையில் விழும்: பத்து ரூபாய் மிச்சம் பார்த்ததற்கு இதுதான் பலன் என்று. அடுத்த மாதம் பெரிய கம்பெனிப் பருப்பு வீட்டுக்கு வரும். சில சமயம் அதுவும் அப்படியேதான் கிடக்கும்.

காரணம் பாக்கெட்டில் பாதி, மலையில் பாதி. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 பக்கம், கூடலூரில் 96, 97. குக்கர் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் பங்கைச் சேர்க்கிறது. வெளிக்காற்றே லேசாக இருப்பதால், குக்கருக்குள் 121 டிகிரி வர வேண்டிய இடத்தில் 116 பக்கம்தான் வரும். 600 மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் குக்கர் நேரத்தை 5 சதவீதம் கூட்டு என்பது வழக்கமான கணக்கு. ஊட்டிக்கு அது கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. கீழே முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் பத்து நிமிடம் வைத்தால், இங்கே பன்னிரண்டரை, பதிமூன்று நிமிடம் வைக்க வேண்டும். விசிலை எண்ணுவதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. கொடைக்கானலும் சுமார் 2,100 மீட்டர்தான். அங்கேயும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

ஆனால் நேரத்தைக் கூட்டினாலும் வேகாத பருப்பு உண்டு. சூடும் ஈரமும் உள்ள கிடங்கில் பல மாதம் கிடந்த பருப்பு உள்ளே இறுகிவிடும். சமவெளியில் இன்னும் இரண்டு விசில் விட்டுச் சமாளித்துவிடலாம். மலையில் அந்த ஐந்து டிகிரி குறைவதால் சமாளிக்க முடியாது. ஆகவே இங்கே துவரம் பருப்புக்குப் பெயரைவிட வயது முக்கியம். தினமும் சரக்கு ஓடுகிற கடையில் போன வாரம் மூட்டை பிரித்துப் போட்ட பாக்கெட், ஆறு மாதத்துக்கு முன் அடைத்துப் பல கை மாறி மலையேறிய பெரிய பிராண்டைவிட நன்றாக வேகும். ஒரு எச்சரிக்கை: கடையில் பாக்கெட் போட்ட தேதி புதிதாக இருக்கலாம், மூட்டை பழையதாக இருக்கலாம். அதனால் முதல் தடவை கால் கிலோ மட்டும் வாங்குங்கள். ஒரு கைப்பிடியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நகம் இறங்கி, உள்ளே வெள்ளைப் பொட்டு இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் அது வேகும். உள்ளே மாவு மாதிரி வெள்ளையாக இருந்தால் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் வேண்டாம்.

குடும்ப அட்டை இருக்கிற வீட்டுக்கு இந்த ஒப்பீடே ரேஷன் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். இந்த விலையோடு எந்தக் கடை பாக்கெட்டும் போட்டி போட முடியாது. சிறு குடும்பத்துக்கு மாதப் பருப்பில் பெரும்பங்கு அதிலேயே முடிந்துவிடும். மிச்சத்துக்குத்தான் கடையா கம்பெனியா என்ற கேள்வி.

கடை பிராண்ட் என்றால் இங்கே எது

இரண்டு வகைச் சரக்கை ஒரே பெயரில் சொல்கிறோம். ஒன்று, பெரிய கடைச் சங்கிலிகளின் சொந்தப் பெயர்கள்: ரிலையன்ஸின் குட் லைஃப், டிமார்ட்டின் பிரீமியா, பிக்பாஸ்கெட்டின் பிபி ராயல், அமேசானின் வேதகா. மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ மாதம் ஒருமுறை இறங்குகிறவர்கள் பை நிறைய ஏற்றிக்கொண்டு வருவது இது. மற்றது, நம் ஊர் டிபார்ட்மெண்டல் ஸ்டோரில் சாக்குப் பிரித்து, அரைக் கிலோவும் ஒரு கிலோவுமாகக் கவரில் போட்டு, கடை பெயரில் ஸ்டிக்கர் ஒட்டியது. முதல் வகையில் தரக் கட்டுப்பாட்டுக்கு ஆள் இருப்பார்கள், சரக்கு வரும் தூரம் அதிகம். இரண்டாவதில் சரக்கு புதிது, ஆனால் எந்த மூட்டை என்று கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் முடிவு தப்பாகத்தான் வரும்.

கடை பிராண்ட் என்பது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. நீல்கிரீஸ் என்ற பெயரே 1905இல் இங்கே வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கியது. பிறகு பெரிய கடைகளாக வளர்ந்து, ரொட்டி, வெண்ணெய், ஜாம் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே விற்றது.

எந்த வகையாக இருந்தாலும் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) குறிக்குக் கீழே 14 இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமத்துக்கு 00. அதற்கடுத்த இரண்டும் ஆண்டு. 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டு உரிமம். 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம் பெற்ற பெரிய நிறுவனம். எண்ணே இல்லாமல் வெறும் கடைப்பெயர் ஸ்டிக்கர் ஒட்டிய மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பிறகு முகவரி வரி. 'தயாரித்தவர்', 'பாக்கெட் செய்தவர்', 'விற்பனை செய்பவர்' என்று மூன்று பேர் இருக்கலாம். சங்கிலிக் கடையின் பெயர் கடைசி ஆள் மட்டும்தான். முதல் ஆள் யார் என்று பார்த்தால் சில சமயம் பெயர் பெற்ற பிராண்டுக்குச் செய்து கொடுக்கிற அதே ஆலையாக இருக்கும். உப்பு, சர்க்கரை, ரவை போன்ற ஒரே மாதிரிச் சரக்குக்கு இது நல்ல செய்தி. மசாலா, பிஸ்கட், ஊறுகாய்க்கு அப்படி நம்பக் கூடாது. ஆலை ஒன்றாக இருந்தாலும் பக்குவம் அவரவர் கேட்டபடிதான் இருக்கும்.

விலையை எதோடு ஒப்பிடுவது

எம்.ஆர்.பி. பெரும்பாலும் நாடு முழுக்க ஒன்று. விற்பனை விலை அப்படி இல்லை. கோவையில் பெரிய கடைகள் பிராண்டுச் சரக்குக்கே எம்.ஆர்.பி.யில் குறைத்துக் கொடுக்கும். ஊட்டியில் சிறு கடை எம்.ஆர்.பி.க்குத்தான் விற்கும். லாரி வாடகை, மலையேற்றம் எல்லாம் அதிலிருந்துதான் அவருக்கு வர வேண்டும். அதனால் கீழே எடுபடாத கடை பாக்கெட், மலையில் எடுபடும். சங்கிலிக் கடைகளின் சொந்தச் சரக்கில் எம்.ஆர்.பி.யை உயர்த்தி அச்சடித்துவிட்டு '40 சதவீதம் தள்ளுபடி' என்று போடுவது சகஜம். அந்தச் சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம். கையை விட்டுப் போகிற ரூபாய், கைக்கு வருகிற கிராம், இரண்டை மட்டும் வகுத்துப் பாருங்கள்.

அரிசி, பருப்பு, மாவுக்கு வரியும் உண்டு. முன்பு பதிவு பெற்ற பிராண்டுக்கு மட்டும் ஜி.எஸ்.டி. இருந்தது. அதனால் பெயர் இல்லாத கடை பாக்கெட்டுக்கு இயல்பாகவே 5 சதவீதச் சலுகை கிடைத்தது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய எல்லாவற்றுக்கும் 5 சதவீதம். கண்ணெதிரே நிறுத்துக் கொடுக்கிற லூஸ் சரக்குக்கு வரி இல்லை. அரிசிக் கடையில் 26 கிலோ சிப்பம் தலைகாட்டியது இதனால்தான். மலை மாவட்டத்தில் பிளாஸ்டிக் கவருக்கு இருக்கிற கெடுபிடியையும் சேர்த்துப் பார்த்தால், அரிசி, பருப்பு, சர்க்கரையைத் துணிப்பையிலோ தூக்கிலோ லூஸாக வாங்குவதுதான் இங்கே மலிவு. அது கடை பாக்கெட்டையும் முந்திவிடும்.

எண்ணெயில் கிராம் கணக்கு இன்னும் முக்கியம். எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் அதே ஒரு லிட்டர் 893 கிராம்தான். 60 டிகிரி என்று அச்சடித்து லிட்டர் கணக்குக் காட்டினால் இருபத்தைந்து கிராம் சத்தமில்லாமல் போய்விடும். இதனால்தான் 2022இல் மத்திய அரசு, வெப்பநிலை எதுவும் போடாமல் அளவோடு எடையையும் அச்சடிக்கச் சொன்னது. 910 கிராம் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே அகலத்தில் 850 கிராம் பாக்கெட் நிற்கும். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம்: 910 கிராம் 160 ரூபாய், 850 கிராம் 152 ரூபாய். எட்டு ரூபாய் மிச்சம் மாதிரி தெரியும். வகுத்தால் முதலாவது 100 கிராம் 17 ரூபாய் 58 காசு, இரண்டாவது 17 ரூபாய் 88 காசு. இந்த வித்தையைக் கடை பிராண்டும் செய்யும், பெரிய பிராண்டும் செய்யும்.

குளிரில் உறைகிற சரக்கு

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டியில் வருடத்தில் பெரும்பாலான நாள் அது கட்டியாகத்தான் இருக்கும். ஆகவே இங்கே தேங்காய் எண்ணெய்க்கு முதல் கேள்வி பாட்டிலின் வாய். குறுகிய கழுத்துள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் பெரிய பிராண்ட் வாங்கினால் தினமும் காலையில் வெந்நீரில் நிறுத்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். அகன்ற வாய் டப்பா எந்தப் பெயரில் கிடைக்கிறதோ அது நல்லது. பாட்டில்தான் கிடைத்தது என்றால், வாங்கிய அன்றே உருக்கி எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், ஈரமில்லாத ஸ்பூன் போட்டு வையுங்கள்.

பாமாயில் பத்து டிகிரிப் பக்கம் கலங்கும், டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் கஞ்சி மாதிரி கட்டும். ரேஷன் பாக்கெட்டைப் பார்த்து 'மெழுகு கலந்துவிட்டான்' என்று சொல்வார்கள். அப்படி இல்லை, பாமாயிலின் குணமே அது. பாக்கெட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் தெளிந்துவிடும். இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். 'சூரியகாந்தி' என்று போட்ட மலிவான எண்ணெய், குளிர்ந்த காலையில் பாதி பாக்கெட் வெண்மையாகக் கட்டி நின்றால், லேபிளில் 'கலப்பு எண்ணெய்' என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். கலப்பு எண்ணெய் விற்பது குற்றம் இல்லை. ஆனால் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்க வேண்டும், அக்மார்க் முத்திரையும் வேண்டும். லேசான மூட்டம் மட்டும் தெரிந்தால் அது சூரியகாந்தியிலேயே மிஞ்சிய மெழுகுச் சத்தாக இருக்கலாம், அதற்காகச் சண்டை போட வேண்டாம். நல்லெண்ணெய் இந்தக் குளிரிலும் ஓடும்.

தேன் உறைவதும் இப்படித்தான். நல்ல தேனும் ஊட்டிக் குளிரில் சர்க்கரை மாதிரி பூத்து நிற்கும். உறையாமல் இருப்பதுதான் அசல் என்று நினைத்து பிராண்ட் மாற்றுவதில் அர்த்தமில்லை.

நெய்யில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். கலப்படத்துக்கு இடம் அதிகம், வீட்டில் கண்டுபிடிக்க வழி குறைவு. ஆவினோ, அக்மார்க் உள்ள பழகிய பிராண்டோ எடுத்துக்கொள்ளலாம். பாலில் பெயரைவிட எண்களைப் பாருங்கள்: டோன்டு பாலுக்குக் கொழுப்பு 3, இதர திடச்சத்து 8.5 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டுக்கு 4.5, 8.5, ஃபுல் கிரீமுக்கு 6, 9. இந்த எண்கள் ஒன்றாக இருந்தால் எந்த நிறப் பாக்கெட்டும் அதே பால்தான்.

ஈரத்தில் நமத்துப்போகிற சரக்கு

இந்த இடத்தில் தராசு பெரிய பிராண்டின் பக்கம் சாயும். காரணம் ருசி இல்லை, உறை.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரே வேர்க்கும். அந்த நாட்களில் ஒற்றைப் பாலித்தீன் கவரில் போட்ட சாம்பார் பொடி பத்து நாளில் வாசம் இழந்து கட்டி தட்டும். உள்ளே வெள்ளி நிறப் பூச்சு உள்ள பல அடுக்கு உறைதான் ஈரத்தையும் காற்றையும் தடுக்கும். பாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே பொடி தெரிந்தால் ஈரத்துக்கு அவ்வளவு தடை இல்லை. சக்தி, ஆச்சி போன்றவர்கள் இந்த உறையில் 50, 100 கிராம் பாக்கெட் போடுகிறார்கள். மழை மாதத்தில் ஒரு 500 கிராம் கடை பாக்கெட்டைவிட ஐந்து 100 கிராம் கம்பெனி பாக்கெட் கடைசியில் மலிவாக முடியும், கால்வாசியைக் கொட்ட வேண்டி வராது.

மசாலாவில் விலையை ஒப்பிடுமுன் சேர்மானத்தைப் படியுங்கள். சட்டப்படி எடை அதிகமானது முதலில் வரும். சாம்பார் பொடி என்றால் மல்லி, மிளகாய், பருப்பு வகை என்று வரிசை போக வேண்டும். இரண்டாவது, மூன்றாவது இடத்திலேயே உப்போ அரிசி மாவோ வந்துவிட்டால், அந்தப் பொடி இரண்டு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் மூன்று கேட்கும். மலிவு அங்கேயே தீர்ந்தது. வெயில் மாதத்தில் மிளகாய், மல்லி வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்து வைப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. ஆனால் பனிமூட்ட மாதத்தில் அதைச் செய்யக் கூடாது. அரைகுறையாகக் காய்ந்த மிளகாயை அரைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

உப்பு நேர்மாறு. அயோடின் உப்பில் கடைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒரே விதி. ஆகவே எது மலிவோ அது போதும், தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பும் நல்லதே. தூள் உப்பு மழையில் கட்டியாகும். கட்டி ஆகாமல் இருக்கச் சேர்க்கிற பொருளும் இந்த ஈரத்துக்கு ஓரளவுதான் தாங்கும். அரைக் கிலோ பிரித்து, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் அயோடினும் போகும்.

அப்பளம், பிஸ்கட், வற்றல் எல்லாம் மசாலா மாதிரிதான்: உறை நன்றாக இருக்கிற பக்கம் போங்கள், சிறு பாக்கெட்டாக வாங்குங்கள். ரவை, மைதா, சர்க்கரைக்குக் கடை பாக்கெட் தாராளமாகப் போதும். குளிரில் வண்டு மெதுவாகத்தான் பெருகும் என்பது மலைக்கு ஒரு லாபம். தீப்பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆடி மாதத்தில் எந்தப் பெயரும் பற்றாது. லைட்டர் வாங்குங்கள்.

காற்றடைத்த பாக்கெட் விஷயம் ஒன்று பாக்கி. கோவையில் சீல் வைத்த காற்று ஊட்டியில் கால் பங்கு கூடுதல் இடம் கேட்கும். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நிற்பது கெட்டுப்போனதால் இல்லை. ஆனால் சீல் பலவீனமான மலிவு பாக்கெட்டில் ஓரம் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத துளையில் காற்று போய், ஈரம் உள்ளே வரும். ஆகவே இங்கே உப்பாமல் தட்டையாக இருக்கிற சிப்ஸ் பாக்கெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். லேசாக அமுக்கிப் பாருங்கள், காற்று இறங்கினால் வைத்துவிடுங்கள். இட்லி மாவு, பன்னீர், தயிருக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதில் உப்பல் புளிப்பினாலும் வரும், தேதியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தேயிலையும் காப்பியும்

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பம்பாயில் பெயரிட்ட டீத்தூளை எம்.ஆர்.பி.க்கு வாங்குவது கொஞ்சம் வேடிக்கைதான். பெரிய பிராண்டுகள் பல ஊர் ஏலத்தில் எடுத்துக் கலப்பவர்கள், குன்னூர் ஏலமும் அதில் ஒன்று. அவர்கள் தருவது வருடம் முழுக்க மாறாத ருசி. அதற்குத்தான் கூடுதல் காசு. மாற்றம் பரவாயில்லை என்றால் உள்ளூர்ச் சரக்கே சிறந்தது: சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை நடத்துகிற இண்ட்கோசர்வ், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய டான்டீ, இரண்டுக்கும் குன்னூர்தான் தலைமையிடம். இவற்றின் விற்பனை நிலையங்களில் டஸ்ட் (பொடி), பி.ஓ.பி. (உடைந்த இலை) என்று ரகம் சொல்லி வாங்கலாம். பால் டீ போடுகிற வீட்டுக்கு டஸ்ட் ரகம் கிலோவுக்குக் கூடுதல் டம்ளர் தரும். இங்கே கொதிநிலையே குறைவு என்பதால், சாயம் சட்டென்று இறங்குகிற பொடி ரகம் மலைக்குப் பொருந்தும்.

சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளில் தொங்குகிற பெயரில்லாத டீத்தூள் பாக்கெட் வேறு கதை. வெள்ளை வடிதாளை நனைத்து, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். நல்ல தேயிலை மெதுவாகத்தான் நிறம் விடும். தூவிய உடனே ஆரஞ்சோ சிவப்போ பரவினால் சாயம் ஏற்றியது. விரலில் எடுத்து நசுக்கினால் தூள் முறிய வேண்டும், மசிந்தால் ஈரம் ஏறிவிட்டது.

காப்பியில் ஒப்பீடு மிகச் சுலபம், ஆனால் பலரும் தப்பாகப் போடுகிறார்கள். சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், விகிதத்தை லேபிளில் போட வேண்டும். கணக்குக்காக: கடை பிராண்ட் அரைக் கிலோ 300 ரூபாய், விகிதம் 60:40. பெரிய பிராண்ட் 380 ரூபாய், விகிதம் 80:20. முதலாவதில் காப்பி 300 கிராம், கிராமுக்கு ஒரு ரூபாய். இரண்டாவதில் 400 கிராம், கிராமுக்கு 95 காசு. எண்பது ரூபாய் அதிகம் என்று தெரிந்த பாக்கெட்தான் மலிவு. சிக்கரி ருசி பிடித்த வீட்டுக்கு இது பொருந்தாது, அவர்கள் முதலாவதையே வாங்கலாம்.

சோப்பும் சோப்புத்தூளும்

நீலகிரித் தண்ணீர் உப்புத் தண்ணீர் இல்லை, நுரை தாராளமாக வரும். விலை கூடிய சலவைத்தூள்கள் பெருமையாகச் சொல்கிற பல குணங்கள் கடினத் தண்ணீரைச் சமாளிக்கத்தான். இங்கே அது வீண். கடை பிராண்ட் சலவைத்தூள் போதும், அளவையும் பாக்கெட்டில் சொன்னதில் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கூடப் போட்டால் அலசுவதற்கு இன்னொரு வாளி தண்ணீர், அலசாமல் மிஞ்சினால் மூன்று நாள் காயாத துணியில் வாடை. ஒரு சிக்கல்: குளிர்ந்த தண்ணீரில் மலிவுத்தூள் முழுசாகக் கரையாமல் தையலில் வெள்ளையாகத் தங்கும். ஒரு குவளை வெந்நீரில் முதலில் கரைத்து ஊற்றுங்கள். மெஷினில் போடுகிறவர்கள் திரவ சோப்பு எடுக்கலாம், கடை பிராண்டே போதும்.

கழிப்பறைக் கிளீனரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எத்தனை சதவீதம் என்று லேபிளில் பாருங்கள். 10 சதவீதப் பக்கம் இருந்தால் பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

குளியல் சோப்பில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். பின்பக்கம் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும், சோப்பில் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்பது அது: 76க்கு மேல் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். எண்ணுக்குப் பதிலாக 'பேதிங் பார்' என்று போட்டிருந்தால் அது வேறு வகை, 40 சதவீதமே போதும் என்ற விதி. பனிக்காலத்தில் கை, கால் வெடிக்கிற ஊரில் அது தோலை இன்னும் இழுக்கும். கடை பிராண்டில் 76 கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் பெரிய பிராண்டுதான்.

மாதக் கணக்கை மாற்றுவது

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எது பிடித்தது, எது கெட்டது என்று தெரியாது. மாதம் இரண்டு பொருள் போதும். முதலில் உப்பு, சர்க்கரை, ரவை, சலவைத்தூள் என்று தோற்றாலும் நஷ்டமில்லாதவை. பிறகு பருப்பு, எண்ணெய். மசாலா கடைசியில், அதுவும் பங்குனி, சித்திரை வெயிலில். ஒரே நாளில் இரண்டு பாக்கெட்டையும் தனித்தனியாகச் சமைத்து, எது எது என்று சொல்லாமல் வீட்டில் பரிமாறுங்கள். பெயரைப் பார்த்துச் சொல்கிற ருசிக்கும் நாக்கு சொல்கிற ருசிக்கும் நிறைய தூரம். சீல் விட்டது, தேதி அழிந்தது, எடை குறைந்தது என்றால் பாக்கெட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போங்கள். உள்ளூர்க் கடை பெரும்பாலும் மாற்றிக் கொடுக்கும். கோவையிலிருந்து ஏற்றி வந்த சங்கிலிக் கடைச் சரக்குக்கு அந்த வசதி கிடையாது, இதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மழைக்கு முன்னால் சரக்குச் சேர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கடைகளில் பிராண்டுச் சரக்குக்குத் தட்டுப்பாடு வரும், கடைக்காரர் கையில் உள்ள மூட்டைதான் கைகொடுக்கும். அப்போது வாங்கும் கடை பாக்கெட்டில் பழைய மூட்டையும் கலந்து வரும். வாங்கிய பருப்பை, டப்பாவின் அடியில் மிஞ்சியதன் மேல் அப்படியே கொட்டாதீர்கள். பழையதும் புதியதும் ஒரே குக்கரில் ஒரே நேரத்தில் வேகாது.